கூட்டத்தை நீக்கிய பிறகு

இராஜபாளையம்
10-2-2025

மாரிக்கனிக்கு,

நேற்று அந்த அறையில் நான் சொல்லாதது இதுதான்: "சார், நீங்கள் கேட்டது முழுச் சத்தம் இல்லை. முழுச் சத்தம் என் பையில் இருக்கிறது."

வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். போட்டிக் கமிட்டித் தலைவர் என் லேப்டாப்பைக் காட்டி, "இவ்வளவுதானாம்மா? வேற சத்தம் எதுவும் இல்லையா?" என்று கேட்டபோது என் கை பைக்குள் இருந்தது. பென் டிரைவின் மூடி விரலில் தட்டுப்பட்டது. அப்போது நீ என்னைப் பார்த்தாய். தலையைக்கூட அசைக்கவில்லை, பார்த்தாய். நான் கையை வெளியே எடுத்துவிட்டு, "இவ்வளவுதான் சார்" என்றேன்.

அந்த வீடியோத் துண்டை அவர்கள் பார்க்கும்போது நான் அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவரின் விசில், எதிரணிப் பெண் பாடி வரும் 'கபடி கபடி', மண்ணில் கால் தேயும் ஒலி, எல்லாம் அத்தனை தெளிவு. நீ கோட்டோரம் நிற்கிறாய். திடீரென்று திரும்புகிறாய். கயிற்றைத் தாண்டுகிறாய். கூட்டத்தில் கைதட்டிக்கொண்டிருக்கும் ஒருவனைக் கன்னத்தில் அறைகிறாய். அதற்கு முன் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் சேனலுக்காக நான் சத்தத்தைச் சுத்தம் செய்து கொடுத்த மகாராஜபுரம் மைதானத்தில் யாரும் எதுவும் சொல்வதே இல்லை. நூற்றுக்கணக்கான பேர் வாயை மட்டும் அசைக்கிறார்கள்.

"நான் சும்மா கைதட்டிக்கிட்டு இருந்தேன் சார்" என்றான் அவன். வீடியோ அவனுக்குச் சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியைத் தயார் செய்தது நான்.

"அவன் என்னம்மா சொன்னான்?" என்று தலைவர் கேட்டதற்கு நீ, "ஒண்ணும் சொல்லல சார். கோவத்துல அடிச்சுட்டேன்" என்றாய். உன் அப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் அவர் யார் என்று கேட்டார்கள். "என் மகதான் சார்" என்று உன்னைக் காட்டிச் சொன்னார். அதற்கு மேல் அவர் பேசவே இல்லை.

ஒரு வருடத் தடை என்று எழுதிவிட்டார்கள். தடையில் இருப்பவளுக்குச் சான்றிதழ் தரமாட்டார்கள். காவலர் தேர்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உனக்கு இதுதான் கடைசி வருடம், அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள் அல்லவா? அவன் சொன்னது என்னிடம் இருக்கிறது. கூட்டத்தின் பக்கம் கம்பத்தில் கட்டியிருந்த மைக்கில் அப்படியே பதிவாகியிருக்கிறது. சரி என்று ஒரு வரி எழுது. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அம்மா உன் போனை வாங்கி வைத்துக்கொண்டு உன்னைப் பரிபூரணம் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டதால்தான் அந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

அனுசியா


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-2-2025

ஏட்டி அனு,

லெட்டர் வந்துச்சு. "என்னட்டி, எவனாவது லவ் லெட்டர் போட்டிருக்கானா?"ன்னு சித்தி கேட்டா. பேங்க்ல இருந்து வந்திருக்குன்னு சொன்னேன். "நம்மளையெல்லாம் பேங்க்காரன் எதுக்குத் தேடுதான்?"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

நேரா விசயத்துக்கு வாரேன். கொடுக்காதே. அம்புட்டுதான்.

கை பைக்குள்ள இருந்துச்சு, மூடி தட்டுப்பட்டுச்சுன்னு எம்புட்டு அழகா எழுதியிருக்கே. என் கை எங்க இருந்துச்சு தெரியுமா? எங்க அப்பா முழங்கைய ஒட்டி இருந்துச்சு. அவரு சட்டை என் மேல உரசிக்கிட்டே இருந்துச்சு. அந்த ரூம்ல, அந்த ஸ்பீக்கர்ல அதைப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?

அவன் என்னைச் சொல்லியிருந்தா நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். ஆம்பள, எரும, தொடையப் பாருன்னு கேக்காத பேச்சா? காதுலயே வாங்க மாட்டேன். அவன் சொன்னது நீயும் கேட்டதுதான், இருந்தாலும் ஒரு தடவை எழுதிருதேன். "அப்பன் பத்து மாசம் பார்டர்ல கெடக்கான், இவ எவனுக்குப் பொறந்தவளோ, இந்தக் குதி குதிக்கா." எங்க அம்மாவைச் சொன்னான்ட்டி. என்னைப் பெத்த கருத்தம்மா யாருன்னு உனக்குத் தெரியும். அதை எங்க அப்பா காதுல நானே கொண்டு போய்ப் போடணுமா? அதுவும் நாலு பேரு முன்னாடி?

மேட்ச் முடிஞ்ச மறுநாள் காலையிலதான் மனுசன் லீவுல வந்து பெட்டியோட எறங்குனாரு. அவரு ஊருக்குள்ள வரும்போதே வீடியோ எல்லார் போன்லயும் சுத்திக்கிட்டு இருக்கு. அதுல இருந்து என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. சாப்பிட்டியா, தூங்குனியா, அதோட சரி. மக ஒரு ஆம்பளையக் கை நீட்டிட்டான்னு வெக்கமா இருக்கும். இருக்கட்டும். அந்த வெக்கம் போதும் அவருக்கு, மத்தது வேண்டாம்.

நல்லவேளை, அவரு மேட்சுக்கு வரமாட்டாரு. எட்டாங்கிளாஸ்ல இருந்தே சொல்லி வச்சிருக்கேன், நீங்க வந்து நின்னா எனக்கு மூச்சு கட்டாது, பாட வராதுன்னு. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பேச்சைத் தாண்டினதில்ல.

பொறவு இன்னொண்ணு. சத்தத்தைச் சுத்தம் பண்ணினவ நீ. எனக்காகத்தான் பண்ணினேன்னு சொல்லுவே. சொல்லிக்கோ.

மாரிக்கனி

சித்தி போனுக்குக் கூப்பிட்டுராதே. உன் குரலைக் கேட்டா ஏசிருவேன்.


இராஜபாளையம்
20-2-2025

மாரிக்கனிக்கு,

உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள் என்று எழுதியிருக்கிறாய். சொல்லமாட்டேன். ஆனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இடம் கொடு.

சாஃப்ட்வேருக்கு முதலில் ஒரு சிறு துண்டைக் காட்ட வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் கூட்டம் மட்டும் இரையும் சில நொடிகள். இதுதான் வேண்டாதது, பார்த்துக்கொள் என்று காட்டினால், அந்தச் சாயலில் இருப்பதையெல்லாம் மொத்தப் பதிவிலிருந்தும் அது இறக்கிவிடும். அதையும் மீறித் தனியாகத் தெறிக்கும் குரல்களை நான் தேடித் தேடிக் கையால் அழிப்பேன். எது வேண்டாதது என்று அதற்குத் தெரியாது. காட்டுகிறவளுக்குத் தெரியும் என்று அது நம்புகிறது.

போன ஐப்பசியில் நீதான் கேட்டாய். "எங்கம்மா நம்ம மேட்ச் வீடியோவைத் தெருவுல உள்ள பொம்பளைகளை எல்லாம் கூட்டி வச்சுப் பாக்கா. கண்ட கண்ட பேச்செல்லாம் வருது. எடுத்துருட்டி" என்று. எங்கள் சேனல் முதலாளி கௌதம்ராஜ் அண்ணனிடம் சொன்னேன். அவருக்குப் பிடித்துப்போனது. "சூப்பர்மா. குடும்பத்தோட பாக்கலாம்னு மேல போட்டுரு" என்றார். அப்படியானால் ஆண்கள் ஆட்டத்துக்கும் செய்துவிடவா என்று கேட்டேன். "அய்யோ, வேண்டாம். ஆம்பள மேட்சுக்குக் கூட்டம்தான உயிரு" என்றார். அதனால் எங்கள் சேனலில் பெண்கள் மட்டும் வெறும் மைதானத்தில் ஆடுகிறார்கள். அன்று இது எனக்கு உறைக்கவில்லை. மகாராஜபுரத்தில் சிக்னல் கிடைக்காது என்று நாங்கள் நேரலையும் போடவில்லை. அன்று இரவே நான் சுத்தம் செய்து ஏற்றியது மட்டும்தான் ஊருக்குக் கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் நான் வழக்கமாக ஒரு சோதனை செய்வேன். நீக்கியதை மட்டும் தனியாக ஓட்டிக் கேட்பேன். அரிசி களைந்த தண்ணீரில் அரிசியும் போயிருக்கிறதா என்று பார்ப்போமே, அது மாதிரி. உன் ஆட்டத்துக்கும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அவன் சொன்னது வந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை கேட்கவில்லை. ஹாஸ்டல் நாட்களில் உன் அம்மா கட்டிக் கொடுத்துவிட்ட சோற்றில் பாதி நான் தின்றது. அவரைப் பற்றி அந்த வார்த்தையைக் கேட்டபிறகு தொடர்ந்து உட்கார முடியவில்லை.

ஸ்பீக்கர் வேண்டாம். அப்பாவும் வர வேண்டாம். தலைவர் ஒருவர் மட்டும் ஹெட்போனில் கேட்கட்டும். கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிடட்டும். இதற்காவது சம்மதிக்கமாட்டாயா?

உன்மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, என்மேல் இருப்பதைவிடச் சின்னது. அன்று நீ பார்த்த பார்வையை நான் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். அது வெறும் பயமாக இருந்திருந்தால்? இப்படிப் பார்த்தே காலம் முழுக்க என்னைக் கீழ்ப்படிய வைத்துவிட்டாய். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை உனக்கு விட்டுக்கொடுத்ததில் தொடங்கியது.

அனுசியா


ஸ்ரீவில்லிபுத்தூர்
9-3-2025

அனு,

தேதி போயிருச்சு. நான் எழுதிக் கொடுக்கல. அதனால இனி நீ சண்டை போடவும் ஒண்ணும் இல்ல.

தலைவர் காதுல மட்டும் போடலாம்கிறே. அவரு காது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது. வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இருக்கு. காலையில அவரு காதுல போட்டா மத்தியானம் எங்க தெருவுல உள்ள கோழிக்குக்கூடத் தெரிஞ்சிரும். பொறவு அந்த வார்த்தைக்கு எங்க வீட்டு விலாசமே ஆகிரும். இப்ப அது அவன் வாயிலயும் என் காதுலயும் உன் டப்பாவுலயும் மட்டும்தான் இருக்கு. அவனும் வாங்கின அறையில இனிச் சொல்லமாட்டான். உன் டப்பாவுல இருக்கறதையும் அழிச்சிரு. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கேன்.

அப்பா வெள்ளிக்கிழமை கெளம்பிட்டாரு. லீவு பூரா தோட்டத்துலயேதான் கெடந்தாரு. நான் வீட்டுக்குப் போன நாள்லகூட ஒரு வேளை ஒண்ணா உக்காந்து சாப்பிடல. பஸ் ஏத்திவிட நான்தான் போனேன். பெட்டி மேல உக்காந்துக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. திடீர்னு, "கை வலிச்சுச்சா தாயி?"ன்னு கேட்டாரு.

"எந்தக் கை?"ன்னேன்.

"அடிச்ச கை."

"இல்லப்பா."

"ம்"னாரு. பஸ் வந்துருச்சு.

மாசக்கணக்கா என்கிட்ட ஒண்ணும் கேக்காத மனுசன், ஊருக்குப் போற நேரத்துல குத்திக் காட்டிட்டுப் போறாரு பாத்தியா? திரும்பி வரும்போது டவுன் பஸ்ல அழுதுக்கிட்டே வந்தேன். கண்டக்டர் சில்லறை கேக்காமலே டிக்கெட் கொடுத்துட்டாரு.

பிராக்டிசுக்கும் போகல. கோச் சோலைராஜ் சார் ரெண்டு தடவை ஆள் விட்டாரு. தடையில இருக்கறவ வந்து பிள்ளைகளுக்குத் தண்ணி ஊத்தவா?

நீ எழுதாம இருந்தா நல்லது. எழுதினா நான் வாசிச்சுருதேன்.

மாரிக்கனி


இராஜபாளையம்
6-7-2025

மாரிக்கனிக்கு,

நீ சொன்னபடி எழுதாமல் இருந்தேன். நீ சொன்னபடி அழிக்கவில்லை. இன்று எழுதாமல் இருந்தால் அது முன்னதைவிடப் பெரிய தவறாகிவிடும்.

ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கௌதம்ராஜ் அண்ணன் போன வாரம் பழையதையெல்லாம் அழிக்கச் சொன்னார். "தீசேய்மா, எல்லாம் தீசேய்" என்றார். எடுத்துவிடு என்று அர்த்தம். தெலுங்கில் சொல்லிவிட்டார் என்றால் அவரிடம் மறுபேச்சு கிடையாது. மகாராஜபுரம் என்று பெயர் போட்ட கோப்பு வந்ததும் கை நின்றது. அழிக்கத்தான் போகிறோம், தையில் பாதியில் விட்ட சோதனையை ஒருமுறை முழுதாகச் செய்துவிடலாம் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. பாதியில் மூடிய எதையும் அப்படியே விட எனக்கு வராது, உனக்குத் தெரியும்.

நீக்கியதை மட்டும் ஓட்டினேன். மேளம், சீட்டிகள், யாரோ ஒரு பெண் யாரையோ தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறாள். பிறகு அவன் சொன்னது வந்தது. இந்த முறை ஹெட்போனைக் கழற்றவில்லை. அவனைச் சுற்றி இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன், சற்றுத் தள்ளி, பின்னாலிருந்து ஒரு ஆணின் குரல். அது கத்தவில்லை. மேளத்துக்கு அடியில் கிடந்தது. நீ இருந்த இடத்துக்கு எட்டியிருக்காது.

"ஏலே, எனக்குப் பொறந்தவதாம்லே. என் மகதான்."

அதை அடுத்து உன் கை அவன் கன்னத்தில் விழும் சத்தம். நடுவரின் விசில். பிறகு ஒரே கூச்சல்.

அந்தக் குரலை நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தேன், கமிட்டி அறையில், மூன்றே சொல்லாக. திரும்பத் திரும்ப ஓட்டினேன். அதே 'என் மகதான்'. கடைசியில் லேசாக இறங்குகிற அதே குரல். மாரி, உன் அப்பா அன்று மைதானத்தில் இருந்தார்.

நீ எவரிடமிருந்து மறைத்தாயோ அவர் நீ கேட்டபோதே கேட்டிருக்கிறார், பதிலும் சொல்லியிருக்கிறார். கமிட்டி அறையில் நீ, நான், அவர் மூவரும் ஒரே வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். அது தெரியாதவர்கள் கமிட்டிக்காரர்கள் மட்டும்தான்.

நான் மரியாதைக்காகத்தான் அன்று ஹெட்போனைக் கழற்றினேன். இன்னும் ஒரு மூச்சு நேரம் அதைக் காதில் வைத்திருந்தால் மாசியிலேயே உனக்கு இதைச் சொல்லியிருப்பேன். மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்திருந்தால் நீ மேல்முறையீட்டுக்குப் போயிருப்பாய். இதற்கு நான் எந்தச் சமாதானமும் எழுதப் போவதில்லை. எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன்.

கோப்பை அழிக்கவில்லை. என் சொந்த லேப்டாப்புக்கு மாற்றிவிட்டேன்.

அனுசியா


மகாராஜபுரம்
2-11-2025

அனு,

பதில் போட இம்புட்டு நாளாச்சு. முதல்ல உன் மேல வந்த கோவத்துல லெட்டரைக் கசக்கிப் போட்டேன். சித்தி அதை எடுத்து நீவி, மடிச்சு, டிவி மேல வச்சிருந்தா. "பேங்க்காரன் லெட்டரு, தொலைச்சிராதே"ன்னா.

அப்பாகிட்ட போன்ல கேக்க வாய் வரல. தீவாளிக்கு லீவுல வந்தாரு. நானும் வீட்டுக்கு வந்துட்டேன். தொழுவத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரு. போய் நின்னேன்.

"அப்பா, அந்த மேட்ச் அன்னைக்கு நீங்க வந்திருந்தீங்களா?"

வாளியைக் கீழ வச்சாரு. "வரக் கூடாதுன்னு சொல்லியிருந்தியே தாயி."

"வந்தீங்களா, இல்லையா?"

"கடைசியிலதான் நின்னேன். உன் கண்ணுல படாமத்தான் நின்னேன். அன்னைக்கு நல்லாத்தான் பாடினே."

லீவு ஒரு நாள் முன்னாடியே கெடைச்சிருக்கு. யாருக்கும் சொல்லாம நேரா கிரவுண்டுக்கு வந்திருக்காரு. முடிஞ்சதும் வத்திராயிருப்புல கூட வேலை பாத்தவரு வீட்டுல தங்கிட்டு, மறுநாள் அப்பத்தான் ரயிலை விட்டு எறங்கின மாதிரி பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்காரு.

"பொறவு ஏன்ப்பா அந்த ரூம்ல வாயைத் திறக்கல?"

"அவன் ஒண்ணும் சொல்லலைன்னு நீ சொல்லிட்டே. எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான சொல்லுதேன்னு நெனச்சேன். நான் கேட்டுட்டேன்னு தெரிஞ்சா நீ நொறுங்கிப் போயிருவியே. அதான் தாயி."

அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல கை வலிச்சுச்சான்னு கேட்டாருல்ல, நெசமாவே வலிச்சுச்சான்னுதான் கேட்டிருக்காரு.

திரும்பிப் பாத்தா வாசப்படியில அம்மா. எப்ப வந்தான்னு தெரியல. "என்ன சொன்னான் அவன்?"னு கேட்டா. ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. பொறவு அவளே சொன்னா. அவன் சொன்னதை அப்படியே சொன்னா அனு, ஒரு வார்த்தை முன்னப்பின்ன இருக்கும், அம்புட்டுதான். "இவிய பட்டாளத்துக்குப் போன நாள்ல இருந்து நான் கேக்காத பேச்சாட்டி இது? இதுக்காகவா போலீஸ் வேலையை விட்டே, கூறுகெட்டவளே?"ன்னா. சொல்லிட்டு உள்ள போயி தோசைக்கு மாவு கரைச்சா. நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் மாட்டையே பாத்துக்கிட்டு நின்னோம்.

அம்மா போனைத் திருப்பித் தந்துட்டா. அப்பா சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து அனுப்பு. மேளம் இருந்தா இருக்கட்டும். சுத்தம் பண்ணாதே.

ஆவணியில தேர்வு முடிஞ்சிருச்சு. நம்ம டீம்ல இருந்து முனீஸ்வரி போனா, எடுத்துட்டாங்க. எனக்கு வயசு தாண்டிருச்சு. நாளையில இருந்து சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போறேன்.

மாரிக்கனி